எல்லைக்கோடும் இருப்புப்பாதையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

போக்குவரத்து ஒரு நாட்டின் இரத்த ஓட்டம் என்று பள்ளிப் பருவத்திலேயே கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அந்த இரத்தம் மாநில எல்லை வந்ததும் ஏன் உறைந்து நிற்கிறது என்பதை மட்டும் எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை. ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே நாணயம், ஒரே தேசிய நெடுஞ்சாலை. ஆனால் பேருந்து வேறு, பயணச்சீட்டு வேறு, சலுகை வேறு, அட்டவணை வேறு. பேராசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் பொறுமையோடு படிப்பார்கள் என்னும் நம்பிக்கையில், நம் மாவட்டத்தின் வாசற்படியில் நாள்தோறும் நடக்கின்ற ஒன்றைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலான வழியைப் பற்றித்தான். வரைபடத்தில் பார்த்தால் விரல் அகலமும் இல்லாத தூரம். நம் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. பிறகு சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் வரிசையாக நிற்கின்றன. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த எழுபதுகளிலிருந்தே இவ்விரு ஊர்களும் பொருளாதாரத்தில் ஒன்றாகிவிட்டன. காலையில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும் ஊர் ஓசூர். மக்கள் எப்போதோ கலந்துவிட்டார்கள். அரசாங்கங்கள்தாம் இன்னும் அறிமுகம் செய்துகொள்ளாத அண்டை வீட்டாரைப் போல் நடந்துகொள்கின்றன.

என் அக்கா பொம்மசந்திராவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நான் கல்லூரிக்கு வரக் காரணம் என் மதிப்பெண் மட்டுமன்று. அவளது தையல் எந்திரமும்தான். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு என்னும் சொல்லை முதன்முதலில் உச்சரிப்பவன் நான். அதனால் அக்காவின் ஊதியத்தில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்பது எனக்கு மனப்பாடம். விடியுமுன் கிளம்பி ஒரு பேருந்தில் ஓசூர், அங்கிருந்து இன்னொன்றில் எல்லை, எல்லையில் இறங்கி மூன்றாவதாக ஒன்று. பெங்களூருக்கு நேரடிப் பேருந்துகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை அவளது தொழிற்சாலை நிறுத்தத்தில் நிற்பதும் நிற்காததும் நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது. மூன்று பேருந்துகளுக்கும் தனித்தனியே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாக இருக்கும் நாள்கள் உண்டு. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பார்கள். எல்லையில் கொண்டாட்டம் ஷேர் ஆட்டோக்களுக்கு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜூன் மாதம் கர்நாடக அரசும் 'சக்தி' என்னும் பெயரில் தம் மாநிலப் பெண்களுக்கு அதே சலுகையை வழங்கியது. இரண்டும் நல்ல திட்டங்கள். உழைக்கும் பெண்களைப் பேருந்தில் ஏற்றிய திட்டங்கள். ஆயினும் சக்தி திட்டத்திற்குக் கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை வேண்டும். நம் திட்டமோ நம் மாநில நகரப் பேருந்தோடு முடிந்துவிடுகிறது. ஆக, இரண்டு அரசுகளும் இலவசம் தருகின்றன. இரண்டுக்கும் நடுவில் வேலைக்குப் போகும் பெண் பாதி வழிக்குமேல் காசு கொடுத்தே போகிறாள். ஓசூரில் வாழ்ந்து பொம்மசந்திராவில் உழைப்பவள் எந்த அரசின் குடிமகள் என்று யாரும் கேட்பதில்லை. அவளது உழைப்பின் பயன் கர்நாடகத்தில் விளைகிறது. அவள் செலவழிக்கும் பணம் தமிழ்நாட்டுக் கடைகளில் புழங்குகிறது. இரண்டு கருவூலங்களுக்கும் அவள் வேண்டியவள்தான். பயணச்சீட்டு நேரத்தில் மட்டும் அவள் அயலாள்.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா என்று கேட்கலாம். வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 88 இதைத்தான் பேசுகிறது. ஒரு மாநிலம் கொடுத்த அனுமதி, அடுத்த மாநிலம் மேலொப்பம் இடாதவரை அங்கே செல்லாது. அதனால் இரு மாநிலங்களும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, எந்த வழித்தடத்தில் யார் எத்தனை அனுமதிகள் வழங்குவது என்று முடிவு செய்கின்றன. எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து, உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். பங்காளிகள் பாகப்பிரிவினை செய்வது போன்ற ஏற்பாடு இது. பாகப்பிரிவினையில் நிலத்தை அளப்பார்கள். வீட்டில் யாருக்குப் பசிக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். இந்த ஒப்பந்தங்களிலும் பேருந்தின் கிலோமீட்டர் உண்டு; பயணி காத்திருக்கும் நிமிடம் கிடையாது.

இனி, இப்போது எல்லாருடைய வாயிலும் அடிபடும் மெட்ரோ இரயிலுக்கு வருகிறேன். இங்கேதான் இயற்பியல் மாணவன் என்னும் முறையில் எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

2025 ஆகஸ்டு 10ஆம் நாள் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலையிலிருந்து சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய இரயில். அதன் கடைசி நிலையத்திலிருந்து மாநில எல்லை கூப்பிடு தூரம் இல்லையென்றாலும், சைக்கிள் மிதித்துப் போய்விடும் தூரம்தான். அந்தத் தடத்தை ஓசூர் வரை நீட்ட வேண்டும் என்று தமிழ்நாடு சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. சுமார் 23 கிலோமீட்டருக்கு ஒரு திட்டம் வரையப்பட்டது. நிறைவேறியிருந்தால் தென்னிந்தியாவில் இரு மாநிலங்களை இணைக்கும் முதல் மெட்ரோ என்னும் பெயர் அதற்குக் கிடைத்திருக்கும். ஆனால் 2025ஆம் ஆண்டு பெங்களூர் மெட்ரோ நிறுவனம், இது தொழில்நுட்பப்படி இயலாது என்று கூறிவிட்டது. காரணம் மின்னழுத்தம்! பெங்களூர் மெட்ரோ, தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் பெறுகிறது. சென்னை மெட்ரோ நிறுவனம் முன்வைத்த திட்டமோ, தலைக்குமேல் செல்லும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் பெறுவது. இரண்டும் ஒட்டாது என்பது வாதம்.

செய்தியைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினோம். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓர் இரயிலுக்கு 1 மெகாவாட் திறன் தேவை என்று வைத்துக்கொள்வோம். 750 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 1,333 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். 25,000 வோல்ட்டில் வெறும் 40 ஆம்பியர் போதும். கடத்தியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஒரே மின்தடையுள்ள கடத்தி என்று கொண்டால், இழப்பு 1,100 மடங்குக்கும் மேல் வேறுபடும். அதனால்தான் 750 வோல்ட் தடத்தில் சிறிது தூரத்துக்கு ஒரு துணைமின்நிலையம் வைக்கிறார்கள். கடத்தியையும் பருமனாகப் போடுகிறார்கள். மறுபுறம், தலைக்குமேல் கம்பி இழுக்க உயரம் வேண்டும். சுரங்கப்பாதை பெரிதாக வேண்டும். நகருக்குள் அது செலவு. ஆக இரண்டுக்கும் அவரவர் நியாயம் உண்டு. பெங்களூர் ஒன்றைத் தேர்ந்தது, சென்னை மற்றொன்றைத் தேர்ந்தது. இதில் தவறு யாருடையதும் அன்று.

ஆனால், ஒட்டவே ஒட்டாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இலண்டன் மாநகரின் குறுக்கே ஓடும் 'தேம்ஸ்லிங்க்' இரயில்கள் 1988ஆம் ஆண்டிலிருந்து இதே இரண்டு மின்னழுத்தங்களிலும் ஓடுகின்றன. நகரின் வடக்கே 25,000 வோல்ட் கம்பி, தெற்கே 750 வோல்ட் மூன்றாவது தண்டவாளம். நடுவில் ஃபாரிங்டன் பகுதியில் இரயில் நிலையத்தில் நிற்கும்போது ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிறது. பயணி தம் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட உயர்த்துவதில்லை. கடலுக்கடியில் பிரான்சுக்குப் போகும் 'யூரோஸ்டார்' இரயிலும் 2007 வரை இங்கிலாந்துப் பகுதியில் 750 வோல்ட் தண்டவாளத்திலும், கால்வாய்ச் சுரங்கத்தில் 25,000 வோல்ட் கம்பியிலும் ஓடியதுதான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் 1992 முதல், தெருவில் 750 வோல்ட்டில் ஓடும் டிராம் வண்டி, அப்படியே முதன்மை இரயில் பாதையில் ஏறி 15,000 வோல்ட்டில் அடுத்த ஊர்களுக்குப் போகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பம்பாய்ப் புறநகர் இரயில்கள் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்திலிருந்து 25,000 வோல்ட்டுக்கு மாற்றப்பட்ட ஆண்டுகளில், இரண்டிலும் ஓடக்கூடிய வண்டிகள்தாம் இலட்சக்கணக்கானோரைச் சுமந்தன. இன்றைய மின்சார இரயில்களில் மாறுமின்சாரம் உள்ளே வந்தாலும் அதை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகுதான் மோட்டாருக்கு வேண்டியவாறு மாற்றித் தருகிறார்கள். எனவே இரண்டிலும் ஓட வைப்பது என்றால், அடிப்படையில் ஒரு மின்மாற்றியையும் திருத்தியையும் சுமக்க வைப்பது. எடை கூடும், விலை கூடும், பராமரிப்பு கூடும். ஏற்கெனவே வாங்கிய வண்டிகளில் இதை ஒட்டுப்போட முடியாது, புதிய வண்டிகள் வாங்க வேண்டும். இவையெல்லாம் உண்மையான சங்கடங்கள். 'இயலாது' என்பதற்கும் 'செலவாகும்' என்பதற்கும் உள்ள தூரம் மட்டும், பொம்மசந்திராவுக்கும் ஓசூருக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

செலவே வேண்டாமென்றால் இன்னும் எளிய வழிகள் உண்டு. ஓசூர் வரையிலும் பெங்களூரின் 750 வோல்ட் முறையிலேயே போடலாம். நாம் விட்டுக்கொடுத்தால் போதும். அல்லது ஓசூரிலிருந்து வரும் இரயிலும் பெங்களூரிலிருந்து வரும் இரயிலும் பொம்மசந்திராவில் ஒரே நடைமேடையின் இரு பக்கங்களில் நிற்கலாம். பயணி பத்தடி நடந்து மாறிக்கொள்வார். நடைமேடை கட்ட எந்த வோல்ட்டும் தடையில்லை. தொடக்கத்திலேயே இரு நிறுவனங்களின் பொறியாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால், ஒரு தேநீர் ஆறுமுன் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் இது. திட்டம் வரைந்து, ஆய்வுக்குப் பணம் செலவழித்து, ஆண்டுகள் கழிந்தபின் அது தடையாகத் தெரிகிறது என்றால், பழுது மின்சுற்றில் இல்லை.

பழுது எங்கே இருக்கிறது? கர்நாடகத்தின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். 'எங்கள் மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த மெட்ரோவை ஓசூருக்கு நீட்டினால், தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் விலை மலிவான அந்தப் பக்கம் போய்விடும். பதிவுக் கட்டணமும் வரியும் அந்த மாநிலத்துக்குப் போகும். நெரிசல் மட்டும் எங்களுக்கு மிஞ்சும்' என்று அங்கே குரல்கள் எழுந்தன. இது வெறும் மொழிவெறி என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதே நிலை தலைகீழாக இருந்தால், அதாவது சென்னை மெட்ரோவை ஆந்திரத்துக்குள் நீட்ட அவர்கள் கேட்டால், நம்மவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மேடைக்கு மேடை இதைவிடக் காரமாகப் பேசியிருப்போம்!

ஆனால், அதற்கும் விடை கண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம் பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் எல்லையில் இருக்கிறது. அந்நகரின் 8ஆம் எண் டிராம் 2014 டிசம்பர் முதல் ஜெர்மனியின் வைல் நகருக்கும், 3ஆம் எண் டிராம் 2017 டிசம்பர் முதல் பிரான்சின் செயின்ட் லூயிக்கும் ஓடுகின்றன. அயல்நாட்டு மண்ணில் போடும் தண்டவாளத்துக்குச் சுவிஸ் அரசும் தன் பணத்தில் ஒரு பங்கு தந்தது. தர்மத்துக்காக அன்று. அங்கிருந்து காரில் வருகிறவர்கள் டிராமில் வந்தால் தன் நகரத்தின் தெருவும் காற்றும் தப்பிக்கும் என்னும் கணக்கில்தான். அந்தக் கணக்கு சில்க் போர்டு சந்திப்பில் நின்று பார்க்கும் எவருக்கும் விளங்கும். ஓசூரிலிருந்து இரயிலில் வரும் ஒவ்வொருவரும் அந்தச் சந்திப்பில் இல்லாமற்போகும் ஒரு வண்டி. அந்தப் புகையைச் சுவாசிப்பது பெங்களூர் மக்கள்தாமே?

ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் கதை இன்னும் அழுத்தமானது. 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்சு, 1940இல் மீண்டும் ஜெர்மனி, 1944இல் மீண்டும் பிரான்சு என்று 75 ஆண்டுகளுக்குள் நான்கு முறை கைமாறிய நகரம் அது. ஒவ்வொரு முறையும் இரத்தம். அந்த நகரிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு 2017 ஏப்ரலில் டிராம் ஓடத் தொடங்கியது. நாம் ஒரு ஆற்றின் நீருக்காக வழக்காடினோமேயன்றிப் போர் புரியவில்லை. நமக்கு ஏன் முடியாது?

காவிரி என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் கலவரம் வெடித்துப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, எல்லையோடு எல்லாம் நின்றுவிட்டன. அத்திப்பள்ளியிலிருந்து இந்தப் பக்கம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே வந்தார்கள். கட்டட வேலைக்குப் போயிருந்த என் தந்தையும் அவர்களில் ஒருவர். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்பா காலில் கொப்புளத்தோடு வந்தது நினைவிருக்கிறது. 'அந்த ஊர்க்காரர் ஒருத்தர்தான் தண்ணி குடுத்து, இந்த வழியா போ அண்ணான்னு காட்டினாரு' என்று அவர் அம்மாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு வாரத்தில் அவர் மறுபடியும் அதே வேலைக்குப் போய்விட்டார். வேறு எங்கே போவார்? அரசுகளின் உறவு எப்படி இருந்தாலும் மக்களுக்கு அந்தச் சாலை வேண்டும். நல்ல காலத்தில் எழுதிவைத்த உடன்பாடும், இரு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு நிருவாகமும் இருந்தால், கெட்ட காலத்தில் பேசுவதற்கு ஓர் ஆளாவது இருப்பார்.

அத்தகைய பொது நிருவாகம் இந்தியாவுக்குப் புதிதன்று. தில்லியைச் சுற்றியுள்ள பகுதிக்காக 1985ஆம் ஆண்டு தேசியத் தலைநகர் வட்டாரத் திட்டக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. அரியானா, இராசத்தான், உத்தரப் பிரதேசச் சட்டமன்றங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 252ஆம் பிரிவின்படி ஒப்புதல் தந்து, நாடாளுமன்றம் அதை இயற்றியது. யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. அவர்களே விரும்பிக் கொடுத்தார்கள். தில்லி மெட்ரோ 2009இல் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவுக்கும் 2010இல் அரியானாவின் குர்கானுக்கும் போனது. பின்னர் விரைவு இரயிலுக்காக 2013இல் ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். மைய அரசுக்கு 50 விழுக்காடு. தில்லி, அரியானா, இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்குக்கும் ஆளுக்கு 12.5 விழுக்காடு. 2023 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் ஓடத் தொடங்கிய அந்த இரயில் 2025 சனவரியில் தில்லிக்குள் நுழைந்தது. அந்த நான்கு அரசுகளிலும் எப்போதும் ஒரே கட்சியா ஆண்டது? இல்லை. சண்டை இல்லாமலா இருந்தது? நிறைய இருந்தது, தில்லியின் குளிர்காலப் புகைக்கு யார் காரணம் என்று ஒவ்வோர் ஆண்டும் சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவிலும் 2023 நவம்பர் முதல், அண்டை மாநிலங்களிலிருந்து வரும் பேருந்துகள் மின்சாரம், இயற்கை எரிவாயு, அல்லது பி.எஸ். 6 டீசல் வண்டிகளாக இருந்தால்தான் உள்ளே வரலாம் என்னும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பேச ஓர் இடம் இருந்ததால்தான் இது நடந்தது.

தெற்கே அப்படி ஓர் இடம் இல்லையா? ஏட்டில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை ஏற்படுத்தியது. நமக்குத் தென்மண்டலக் குழு. அதன் 21ஆம் பிரிவு, எல்லைத் தகராறுகள், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஒரே வரியில் வைத்து, இவற்றைப் பற்றி இக்குழு விவாதித்துப் பரிந்துரைக்கலாம் என்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களை எண்ணி நான் வியக்கிறேன். மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே வேளையில், கோடு போட்டால் அதன்மேல் வாழ்கிறவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்து, பிறகு தருமபுரி, பிறகு கிருட்டிணகிரி என்று மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்ட ஓசூர், அந்த வரியின் பயனை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் இரு அரசுகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை காட்டுகின்றன: இரண்டுக்கும் விமான நிலையம் வேண்டும். 2024 ஜூன் மாதம் தமிழ்நாடு ஓசூரில் 2,000 ஏக்கரில் ஒன்று அமைக்கப்போவதாக அறிவித்தது. கர்நாடகமும் பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்க இடம் பார்க்கிறது. இப்போதுள்ள பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதியது கூடாது என்னும் தடை வேறு. விளைநிலத்தை எடுத்து, அருகருகே இரண்டு ஓடுதளங்கள் போட ஆர்வம் இருக்கிறது. நடுவில் ஒரு நடைமேடையைப் பகிர்ந்துகொள்ளத் தயக்கம் இருக்கிறது. விமானத்தில் போகிறவர் எத்தனை பேர், பேருந்தில் தொங்குகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், யாருக்காகத் திட்டம் தீட்டப்படுகிறது என்பது புரியும். நம் மாவட்டத்தில் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. அவற்றைப் பூட்டித் திருகும் தொழிலாளி டீசல் புகைக்கு நடுவில் படிக்கட்டில் நின்று வீடு திரும்புகிறார். மாசற்ற போக்குவரத்து என்பது விளம்பரத்தில் வரும் வண்டி மட்டும்தானா?

ஜெனிவா நகரையும் பிரான்சின் அன்மாஸ் நகரையும் இரயிலால் இணைப்பதாக 1912ஆம் ஆண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். இரயில் ஓடியது 2019 டிசம்பரில். இன்று 'லெமான் எக்ஸ்பிரஸ்' என்னும் பெயரில் 230 கிலோமீட்டருக்கு 45 நிலையங்கள். அங்கும் இரு பக்கமும் வெவ்வேறு மின்னழுத்தங்கள்தாம். நூற்றேழு ஆண்டுகள் காத்திருக்க அவர்களுக்கு வசதி இருந்திருக்கலாம். என் அக்காவுக்கு இல்லை. ஆகவே மெட்ரோவைப் பற்றிப் பேசிக்கொண்டே, அதற்கு முன்பாகக் காசு அதிகம் கேட்காத காரியங்களைத் தொடங்கலாம் என்பதே என் கருத்து. ஓசூர் முதல் பொம்மசந்திரா வரை இரு மாநிலப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் செல்லும் ஒரே மாதச் சீட்டு. பெண்கள் சலுகையை இந்த ஒரு தடத்தில் மட்டும் இரு அரசுகளும் பரஸ்பரம் ஏற்றுக்கொண்டு, யாருக்கு எவ்வளவு என்று ஆண்டு முடிவில் கணக்குத் தீர்த்துக்கொள்வது. தொழிற்சாலை மாறுநேரத்துக்கு ஏற்பப் பொதுவான கால அட்டவணை. பொம்மசந்திரா நிலையத்து வாசலில் இரயில் வரும் நேரத்தில் ஓசூர்ப் பேருந்து ஒன்று நிற்க, இரண்டு அலுவலர்கள் தொலைபேசியில் பேசினாலே போதும்.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நான் முன்னர்க் குறிப்பிட்ட அதே 88ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. இரு மாநிலங்கள் வழித்தட ஒப்பந்தம் செய்ய முன்வரும்போது, அதை அரசிதழிலும் அந்த வட்டார மொழிச் செய்தித்தாளிலும் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, கருத்துகளைப் பெற வேண்டும். பெற்றவற்றைக் குறித்த நாளில், குறித்த இடத்தில் பரிசீலிக்கவும் வேண்டும். பெரும்பாலும் பேருந்து முதலாளிகள்தாம் அந்த அறிவிப்புகளைப் படிக்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் படிப்பதில்லை. எங்கள் துறை மாணவர் சிலர், ஓசூரிலும் அத்திப்பள்ளியிலும் எந்தெந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். பாகலூர், பேரிகை, சூளகிரிப் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களில், வீட்டில் யாராவது எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்கள் புறப்படும் நேரத்தையும் மாறும் இடங்களையும் எழுதித் தந்து உதவ வேண்டுகிறேன். நோட்டு இயற்பியல் துறை நூலகத்தில், வாசலுக்கு அருகேயுள்ள மேசையின் இழுப்பறையில் இருக்கிறது.